அண்ணன் அனுப்பிய கம்பி

சவாயி தீவின் தென்கரையில், எங்கள் தேவாலயத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை உண்டு. எடை தூக்கும் கொட்டகை. காலையில் போனால் லூபே இடது கையால் அதைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. வலது கையை ஏன் உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்டால் சிரித்து மழுப்புவாள். நான் சொல்கிறேன். நான் அவள் பெரியம்மா மகன் எத்துவாலே. அவள் கம்பிக்குத் தட்டு மாட்டிவிட்டவன். இந்தக் கதையில் என் பாவமும் இருக்கிறது.

பளு தேர்ந்தெடுப்பதில் லூபேயை மிஞ்ச ஆள் கிடையாது. ஏழெட்டு ஊர்க் கொட்டகைக்காரர்கள் வாங்குவதற்கு முன்னால் அவளைத்தான் தலைநகர் ஆப்பியாவுக்குக் கூட்டிப்போவார்கள். தட்டில் அச்சடித்த எண்ணை அவள் நம்பமாட்டாள். சேப்பங்கிழங்கு நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாகத் தூக்கி வைப்பாள். இருபது என்று எழுதிய தட்டு ஒருமுறை பதினெட்டே முக்காலில் நின்றது. கடைக்காரன் முகம் அன்றைக்குப் பார்க்க வேண்டியிருந்தது. கம்பி என்றால் விரலால் முனையைச் சுண்டிப் பார்ப்பாள்.

"பளபளப்பைப் பாத்து ஏமாறாதீங்க. நடுக்கம்பி அசையாம நிக்கணும், தட்டு மாட்டுற முனை மட்டும் சுத்தணும். சுத்தலன்னா அதை வேலிக்கு நட்டுடுங்க," என்பாள்.

அவள் தூக்கியது, பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட பழைய கம்பி. உப்புக்காற்றில் துருவேறியது. சனிக்கிழமைதோறும் மண்ணெண்ணெயில் துணி நனைத்துத் துடைப்பாள். பார்க்க அசிங்கம், ஆனால் முனை பூப்போல் சுற்றும். அதை வைத்துத்தான் ஒரே வீச்சில் தலைக்கு மேல் எண்பத்து நாலு கிலோ வரை போயிருந்தாள். ஆகஸ்டில் ஆப்பியாவில் தேர்வு. எண்பத்தாறு தூக்கினால் நாட்டு அணியில் இடம். நாலு வருஷத்துக்கு முன்பு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் தேர்வுக்கே போகவில்லை. இந்த முறை விட்டால் வயது விடாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் அண்ணன் மதாயோ ஆக்லாந்தில் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறான். எங்களில் சகோதரி என்பவள் அண்ணனுக்குக் கண்ணின் மணி. அவளுக்கு ஒரு குறை என்றால் அவன் ஆண்பிள்ளையே இல்லை. தங்கை துருப்பிடித்த கம்பியைத் தூக்குகிறாள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போதாதா? கடைக்குப் போய், இருப்பதிலேயே தடித்தது, எவ்வளவு ஏற்றினாலும் வளையாதது எது என்று கேட்டு வாங்கி, போர்வைகளோடும் டப்பா இறைச்சியோடும் கப்பலில் ஏற்றிவிட்டான். வளையாத கம்பிதான் நல்ல கம்பி என்று நினைத்த மடையன். ஆனால் பாசக்கார மடையன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே பார்க்க, போதகர் அந்தக் கம்பியின் மேல் கைவைத்து ஜெபித்தார். கண்ணாடிபோல் மின்னியது. அன்று பகல் விருந்திலேயே லூபேயின் அம்மா பழைய கம்பியை அடுத்த ஊர்க்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள், சுட்ட பன்றியோடு சேர்த்து. வீட்டில் இரண்டு கிடக்க, பக்கத்து ஊரில் ஒன்றும் இல்லை என்றால் நமக்குத்தானே கேவலம் என்றாள். எங்களிடம் யாரும் அம்மாவைக் கேள்வி கேட்பதில்லை.

கூட்டம் கலைந்ததும் லூபே முனையைச் சுண்டினாள். அசையவில்லை. நானும் திருகிப் பார்த்தேன். பற்றவைத்த முனை.

"அண்ணன்கிட்டச் சொல்லிருவோம் லூபே."

"என்னன்னு சொல்லுவ? ராத்திரி பகலா மாடு அறுத்து வாங்குனது. ஜெபம் வேற பண்ணியாச்சு. நீ வாயைத் தொறந்த, அப்புறம் இந்த ஜென்மத்துக்கும் உங்கிட்டப் பேசமாட்டேன்."

பழையதைத் திருப்பிக் கேட்கலாமா என்றேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் அம்மா தேவாலயத்தில் எப்படித் தலை நிமிர்வாள் என்றாள். அடுத்த ஊரில் போய்ப் பயிற்சி எடு என்றேன். அண்ணன் கம்பிக்கு என்ன கேடு என்று கேட்பார்களே என்றாள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பல் பார்ப்பதே தொழிலாக இருந்தவள் வாயை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன்.

கம்பி அவள் கைக்கு அடங்காத தடிமன். உள்ளங்கை தினமும் கிழிந்தது. தூக்கி மணிக்கட்டைத் திருப்பும்போது தட்டுகள் கூடவே அவளையும் முறுக்கின. மணிக்கட்டு வீங்கியது. பிறகு முழங்கை. குறைத்துப் போடு என்று நான் சொன்னேன். ஆகஸ்டு குறையாதே என்றாள்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, எண்பத்திரண்டு ஏற்றினேன். நேராகத்தான் எழுப்பினாள். தலைக்கு மேல் போனதும் கம்பி முறுக்கியது, வலது முழங்கை பின்பக்கமாக மடங்கியது. பச்சைக் கிளை முறிகிற சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கப் போனேன். வேண்டாம் என்றாள். அங்கே இருந்த நர்ஸ் மதாயோவின் மைத்துனி. சாயங்காலத்துக்குள் ஆக்லாந்துக்குத் தெரிந்துவிடும், எந்தக் கம்பியில் ஒடிந்தது என்று. எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போடுகிற ஊர் வைத்தியரிடம் போகலாம் என்றாள். அந்த மனிதர் நல்லவர். பார்த்தவுடனே, இது என் கைக்கு அடங்காது, டாக்டரிடம் போங்கள் என்றார். இலை வைத்துக் கட்டினால் போதும் என்று இவள் பிடிவாதம் பிடித்தாள். கட்டினார். நான் வேடிக்கை பார்த்தேன். இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிற இடம் இதுதான்.

திங்கட்கிழமை விரல்கள் நீலம் பூத்துவிட்டன. அப்புறம்தான் அவள் பேச்சைக் கேட்காமல் வண்டியில் போட்டுக்கொண்டு போனேன். விலகிய முழங்கை மூட்டை டாக்டர் பழையபடி பொருத்திவிட்டார். மூன்று நாள் நசுங்கிக் கிடந்த நரம்பு திரும்பாது, விரல்கள் இனிப் பிடிக்காது என்றார். பாறையில் வழுக்கி விழுந்தேன் என்று லூபே நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் அதை நம்பி, அக்கா புருஷனுக்குச் சின்ன அடிதான், ஆறிவிடும் என்று சொல்லி வைத்தாள். கடல் தாண்டி உழைக்கிறவனுக்கு எங்கள் ஊரில் யாரும் முழுதாக எதையும் சொல்வதில்லை.

மதாயோ ஒவ்வொரு வாரமும் எனக்குப் போன் செய்தான். இந்தத் தேர்வு போனால் போகட்டும், அடுத்ததை விடக்கூடாது, என் கம்பியிலேயே நன்றாகப் பழகச் சொல் என்பான். அக்டோபரில் ஒருநாள் என்னால் முடியவில்லை.

"அண்ணே, அந்தக் கம்பி தப்பு. முனை சுத்தாது. அதுல யாரும் தூக்க முடியாது."

"அவ ஏன்டா சொல்லல?" என்று மட்டும் கேட்டான். குரல் உடைந்திருந்தது. கையைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குரலைக் கேட்டபின் நாக்கு எழவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பு நீளமான பெட்டி ஒன்று வந்தது. இந்த முறை அங்கே ஒரு பயிற்சியாளரைத் தேடிப்பிடித்து விசாரித்திருக்கிறான். பெண்கள் கம்பி. பதினைந்து கிலோ, மெல்லியது. லூபே இடது விரலால் முனையைச் சுண்டினாள். சத்தமே இல்லாமல் சுற்றியது. நான் போனை அவள் காதருகே பிடித்தேன்.

"லூபே, சுத்துதாம்மா?"

"சுத்துது அண்ணே. நல்லா சுத்துது."

"புடிச்சுப் பாத்தியா? கைக்கு அடங்குதா?"

அவள் இடது கையால் வலது கையைத் தூக்கிக் கம்பியின் மேல் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். விட்டதும் அவை விரிந்துகொண்டன.

"அடங்குது அண்ணே," என்றாள்.

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரிக்கிறான். போனை வைத்த பிறகு அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"இதை மட்டும் யாருக்கும் குடுக்க வேணாம்னு அம்மாகிட்டச் சொல்லு."