கிணற்றடியில் ஐந்து நிமிடம்

மகனுக்கு ஏழு மாதமானபோது, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்ற ஒரு காலையில், கை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது. விடவேண்டும் என்ற எண்ணம் இல்லை. விட்டுவிடுவேனோ என்ற பயம். ஓடிப்போய் முற்றத்து மண்ணில் அவனை இருத்திவிட்டு அடுப்பெரிந்த குசினிக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன். தனியே விட்ட பிள்ளை கிணற்றுக்குத் தவழ்ந்துவிடுமோ என்று திரும்ப ஓடினேன். தூக்கியதும் மறுபடியும் அதே நினைப்பு, மறுபடியும் குசினி. நான் கோழி துரத்துகிறேன் என்று மாமி, கணவரின் தாய், நினைத்தாராம்.

கணவர் கட்டாரில் வேலை. தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயமா இது? மூன்று மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் பிள்ளையை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். சொல்லாமல் இருந்து ஏதாவது நடந்தால் என்றும் நினைத்தேன். கடைசியில் மாமியிடம் பாதியைச் சொன்னேன்.

"நித்திரை வருதில்ல மாமி. பயமாக்கிடக்கு."

மாமி பள்ளிவாசல் மௌலவியிடம் ஓதிய தண்ணீர் வாங்கப் போனார். போத்தலோடும் குழம்பிய முகத்தோடும் திரும்பி வந்தார்.

"ஓதித் தந்தார், மகள். தந்துபோட்டு, செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போகட்டாம். அங்க எங்கட முஸ்லிம் பிள்ளையொண்டு மனக்கஷ்டம் கேக்கிற உளவளத்துணை வேலைக்கு வருதாம். தண்ணி வேற, அது வேறயாம். இவர் மௌலவியோ, டொக்டரோ?"

எங்கள் ஆள் என்றதும் ஆறுதலாக இருந்தது. ஒரு தொழுகைக்கு ஏன் நான்கு தடவை கைகால் கழுவி உளூச் செய்கிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. அடுத்த நிமிடமே, எங்கள் ஆள் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் ஊரான தண்ணீரூற்று முழுக்கத் தெரிந்துவிடுமே என்று தோன்றியது.

அதற்கு மாமி வழி கண்டுபிடித்தார். தன் தங்கையிடமிருந்து முகம் மூடும் கறுப்புத் துணி ஒன்றை இரவல் வாங்கி வந்தார். நாங்கள் முகம் மூடுகிற குடும்பம் இல்லை.

"இதைப் போட்டா ஒருத்தருக்கும் தெரியாது. ஆரும் கேட்டா பல்லுக்கு வந்தனெண்டு சொல்லு."

பிள்ளையோடு மாமி வெளியே மரத்தடியில் நின்றுகொள்ள, நான் உள்ளே போனேன். அங்கிருந்த நீள வாங்கில் ஏற்கெனவே மூன்று பெண்கள். மூவரும் முகம் மூடியிருந்தார்கள். சிறுவயதிலிருந்து பழகிய வாய், யோசிக்கும் முன் ஸலாம் சொல்லிவிட்டது. ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? மூவரும் சொன்னார்கள். குரலில் மூவரையும் அறிந்துகொண்டேன். எனக்கு அபாயா தைக்கும் ராத்தா, முன்பள்ளி ஆசிரியை, பள்ளிவாசலுக்குப் பின்னால் இருப்பவர். என் குரலில் அவர்களும் என்னை.

"நீங்க எங்க இஞ்ச?" என்றார் தையல்கார ராத்தா.

"பல்லு, ராத்தா."

"எனக்கும் பல்லுத்தான்."

மற்ற இருவருக்கும் பல்தான்.

கடந்து போன தாதி நின்றார். "பல்லுக்கெண்டா அங்கால கட்டிடம், அக்கா. இது வேற கிளினிக்."

ஒருவரும் எழும்பவில்லை.

"இதில நல்ல காத்து வருது, தங்கச்சி. கொஞ்சம் இருந்திட்டுப் போறம்," என்றார் ஆசிரியை. காற்று என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. மின்விசிறிகூட நின்றிருந்தது. யாரோ துணிக்குள் குலுங்கத் தொடங்கினார்கள். வாங்கு ஆடியது. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"உங்கட பல்லு எத்தின மாசமா?" என்று ராத்தா கேட்டார்.

"மூண்டு."

"என்ட மூண்டு வருஷம்."

உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

உளவளத்துணையாளருக்கு என் வயதுதான் இருக்கும். சொல்ல வேண்டியதை வீட்டில் எழுதி, திருத்தி, மறுபடி எழுதிக் கொண்டு போயிருந்தேன். பயம் என்று எழுதுவதா, பதட்டம் என்று எழுதுவதா என்பதிலேயே ஒரு நாள் போயிருந்தது. அவர் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"வாயால சொல்லுங்கோ. இந்த அறையை விட்டு வெளிய போகாது."

சொன்னேன். கிணறு, கை, குசினி, எல்லாம். நான் எதிர்பார்த்தபடி அவர் கதிரையைப் பின்னால் தள்ளவில்லை.

"பிள்ளைக்கு ஏதாவது செய்யோணுமெண்டு விருப்பம் வந்திருக்கோ?"

"இல்ல! அல்லாஹ்வே, இல்ல."

"பிள்ளை பிறந்த தாய்மாருக்கு இப்பிடி நினைப்பு வாறதுதான். உங்களுக்கு மட்டுமில்ல."

"இது பாவமில்லையா?"

"விரும்பாம வாற நினைப்புக்கு அல்லாஹ் உங்களிட்டக் கேள்வி கேக்கமாட்டான். அதை நீங்க மௌலவியிட்டயும் கேக்கலாம். மருந்து வேணுமோ எண்டு டொக்டரோட கதைப்பம். மாமியிட்டச் சொல்லலாமா?"

தலையாட்டினேன். மாமியை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். மறுநாள் காலை கிணற்றின் மேல் இரண்டு தகரம், அதன் மேல் ஆறு கல். ஒரு கிழமை முழுக்க எங்கள் வீட்டார் குளித்தது பக்கத்து வீட்டில்.

அடுத்த செவ்வாய், விஷயத்தைக் கேட்ட உளவளத்துணையாளர் தகரத்தை எடுக்கச் சொன்னார். பயந்து விலகினால் பயம் வளருமாம். ஒவ்வொரு நாளும் மாமியோடு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, ஐந்து நிமிடம் கிணற்றடியில் சும்மா நிற்க வேண்டுமாம். தண்ணீர் அள்ளக்கூடாது, துவைக்கக்கூடாது, நிற்க மட்டும்தான். முதல் நாள் மாமரத்தடியில். பிறகு நாளுக்கு ஓரடி கிட்டே.

ஆறாம் நாள் கிணற்றுக் கட்டுக்கு அருகில் வந்துவிட்டோம். மாமி ஒரு கையால் கைபேசியில் நேரம் பார்த்தார், மறு கையால் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தார். மகன் என் தோளைக் கடித்தான்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தார். "நானும் நாலைஞ்சு நாளாப் பாக்கிறன். கிணத்துக்குள்ள என்ன விழுந்திட்டுது?"

"ஒண்டும் விழயில்ல," என்றார் மாமி, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "விழாதெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறம். இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கு."