வாசலுக்கு வெளியே சித்தி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் சட்டைக் கம்பெனியில் அது எல்லோருக்கும் தெரியும். அந்த நீள வாயால் நான் சொன்ன ஒரு யோசனை ஒரு சின்னப் பெண்ணை என்ன பாடு படுத்தியது என்பதுதான் பலருக்குத் தெரியாது. சொன்னவளே நான் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

செக்கிங் மேசையில் எனக்கு எதிரே நிற்பவளைக் கழுகு என்று கூப்பிடுவோம். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. கண் மட்டும் கழுகுக் கண். தைத்து வரும் சட்டையை விரித்து, காலர், தோள், கை, கீழ் ஓரம் என்று விரலால் தடவிக்கொண்டே போவாள். தையல் ஒரு நூலளவு விலகியிருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுவாள். அம்பு ஒட்டிய சட்டை பெட்டிக்குள் போகாது, தைத்தவளிடமே திரும்பிப் போகும். தையல் பெண்கள் அவளைத் திட்டாத நாள் கிடையாது. அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அவள் கணவர் கட்டட வேலையில் கிரேன் ஓட்டியவர். இடுப்பில் அடிபட்டு இரண்டு மாதம் படுத்தார். எழுந்து போனபோது கிரேனில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு கிடங்கில் இரவுக் காவல் வேலைதான் கிடைத்தது. பழைய வீட்டை விட்டுவிட்டுச் சின்ன இடமாகத் தேடி அலைந்தார்கள். போன இடத்திலெல்லாம் எத்தனை பேர், குழந்தை உண்டா என்ற கேள்விதான் முதலில் வந்தது. கடைசியில் கம்பெனிக்கு நடந்து போகிற தூரத்தில், மாடியில் ஒற்றை அறை அமைந்தது. புருஷன் பெண்டாட்டி மட்டும் என்றால் தருகிறேன், குழந்தை குட்டி என்றால் கிடையாது என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். இவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் அழுதாள். எட்டு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "இதுக்குப் போய் அழுவியா? பக்கத்துத் தெருவுல அக்கா வீடு இருக்குன்னு சொல்லு. அக்கா பொண்ணு சித்தி வீட்டுக்கு வந்து போகுதுன்னு நினைச்சுக்கட்டும். வாசலைத் தாண்டினா பாப்பா உன்னைச் சித்தின்னு கூப்பிடணும், அவ்வளவுதான்."

அரசவையில் யோசனை சொன்ன மந்திரி மாதிரி எனக்கு அன்றைக்குப் பெருமை வேறு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை. அதுவும் என் மடியில் இல்லை, அவள் மடியில்.

பாப்பா ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். அறைக்குள் அம்மா, படிக்கட்டில் சித்தி. பள்ளிக்கூட வாசலிலும் சித்திதான். ஏனென்றால் கீழ்வீட்டுக்காரியின் மகன் அதே வகுப்பில் படித்தான், அவளும் தினமும் வாசலில் வந்து நிற்பாள். அறையை வாடகைக்கு விட்டவருக்கு அவள் சொந்தம், அவருடைய கண்ணும் காதும் அவள்தான்.

வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். அக்கா பெண் எந்நேரமும் இங்கேயே இருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு, கதவை மூன்று முறை தட்டினால், பாப்பா பள்ளிக்கூடப் பையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட வேண்டும். யார் கூப்பிட்டாலும் வரக்கூடாது. அம்மா வந்து பலகையை இரண்டு முறை தட்டி, போயிட்டாங்க என்று சொன்னால் மட்டும்தான் வெளியே வர வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கதவில் மூன்று தட்டு. டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பாப்பாவைக் காணவில்லை. வீட்டுக்காரர் குழாய் ஒழுகுவதைப் பார்க்க வந்தவர், வெயில் அதிகம் என்று சொல்லி அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிடம் இருந்திருப்பார். அவர் போன பிறகு பாப்பா வெளியே வந்தாள். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. அவள் அழவில்லை. "என் தங்கம், மூச்சு விடுற சத்தம்கூட கேக்கல" என்று அம்மாக்காரி முத்தம் கொடுத்தாள். நான் கைதட்டினேன். இன்றைக்கு நினைத்தால் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

ஸ்கூட்டர் வராத நாளிலும் அந்த அறையில் சத்தம் ஆகாது. இரவெல்லாம் விழித்த மனிதர் பகலில் தூங்க வேண்டும். இடுப்பு வலியில் அவருக்குத் தூக்கமே அரைத் தூக்கம். ஒருமுறை பாப்பாவின் கையிலிருந்து பென்சில் டப்பா விழுந்ததற்குத் தண்ணீர்ச் செம்பைச் சுவரில் வீசியடித்துவிட்டு, பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு அழுதாராம். கெட்ட மனிதர் இல்லை. கிரேனின் உச்சியில் உட்கார்ந்து ஊரையே பார்த்தவரை ஒரு கதவுக்கு முன்னால் உட்கார வைத்தால் மனம் என்ன ஆகும்? புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடாமல் இல்லை. கீழே கேட்கக்கூடாது என்று கிசுகிசுப்பாகப் போட்டார்கள். அந்தக் கிசுகிசுப்பைக் கேட்டுக்கொண்டு பாப்பா கண்ணை மூடிப் படுத்திருப்பாள்.

இருக்கிற இடமே தெரியாத பிள்ளை என்று கழுகு எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். வருகைப் பதிவு எடுக்கும்போது பாப்பா வாயைத் திறப்பதில்லை, விரலை மட்டும் தூக்குகிறாள். கழிவறைக்குப் போக வேண்டும் என்று கேட்காமல் இரண்டு முறை பெஞ்சிலேயே நனைத்துவிட்டாள். தினமும் காலையில் வயிற்று வலி. இடது புருவத்தில் முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிப் பாதியைக் காணோம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு டீச்சர் ஒரு படத்தை எடுத்து வைத்தார். 'என் வீடு' என்று வரையச் சொன்னதற்குப் பாப்பா வரைந்தது. ஓர் அம்மா, ஓர் அப்பா, ஒரு கட்டில். கட்டிலுக்கு அடியில் கறுப்பாகப் பென்சிலால் தேய்த்திருந்தாள். அந்தக் கறுப்பைக் காட்டி ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நாங்கள் மேசையில் ஒட்டுகிற அதே ஸ்டிக்கர்.

அடுத்த நாள் இதைச் சொல்லும்போது கழுகு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தடவாமலே நின்றாள். அந்த அம்புக்கு என்ன அர்த்தம் என்று பாப்பாவுக்குத் தெரியும், அம்மாவே விளையாட ஸ்டிக்கர் கொண்டுபோய்க் கொடுத்துச் சொல்லிக் கொடுத்ததுதான். வீட்டில் ஏதாவது பிரச்சினையா, வாரம் ஒருநாள் வருகிற ஆலோசகரிடம் காட்டலாமா என்று டீச்சர் பக்குவமாகக் கேட்டிருக்கிறார். இவள் ஒன்றுமில்லை, பிள்ளைக்கு அமைதியான சுபாவம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

நான் கோபப்பட்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா, டீச்சருக்குத் தெரிந்தால் கீழ்வீட்டுக்குத் தெரியும், அப்புறம் நான் எங்கே போவேன் என்றாள். அன்றிலிருந்து அவளுடைய விரல் சட்டை மேல் இருந்தாலும் கண் போன் மேலேயே இருந்தது. போன் மணி அடித்தால் இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போடும்.

அந்த மணி ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அடித்தது. பாப்பாவைக் காணவில்லை. கண் பரிசோதனை செய்யப் புது ஆட்கள் வந்து வகுப்புக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். டீச்சர் போய்க் கதவைத் திறந்து, அவர்களிடம் பேசி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணினால் ஒரு தலை குறைகிறது, பின்கதவு திறந்து கிடக்கிறது. ஒரு மணி நேரமாகத் தேடுகிறார்கள்.

எத்தனை தடவை தட்டினார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னோமா இல்லையா என்று எனக்கு நினைவில்லை, ஓடினோம். வழியெல்லாம் அவள் "நான்தானே சொன்னேன், யார் கூப்பிட்டாலும் வராதேன்னு நான்தானே சொன்னேன்" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பள்ளி விடும் நேரம் ஆகிவிட்டது. வாசலில் பெற்றவர்கள் கூட்டம். உள்ளே ஆளுக்கொரு பக்கம் பாப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியைக்கூடத் திறந்து பார்த்துவிட்டோம் என்று காவலாளி சொன்னார். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் அந்தப் பிள்ளை இன்னும் உள்ளே உள்ளே ஒடுங்குவாள் என்று இவளுக்குத் தெரியும். கத்தாதீங்க, தயவுசெய்து யாரும் கத்தாதீங்க என்று கெஞ்சினாள்.

கூட்டம் நடத்தும் பெரிய அறையில் ஒரு மரமேடை. மேடையைச் சுற்றித் தரைவரைக்கும் பச்சைத் துணி கட்டியிருந்தது. எல்லோரும் ஏற்கெனவே வாசலிலிருந்து எட்டிப் பார்த்த அறைதான். இவள் வாசலிலேயே நின்று அந்தத் துணியின் கீழ் ஓரத்தைப் பார்த்தாள். சட்டையின் ஓரத்தைப் பார்ப்பதுபோல ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கண்ணை ஓட்டினாள். மூலையில், சுவரை ஒட்டி, ஒரு சாண் அளவுக்கு மட்டும் துணி உள்பக்கமாக மடிந்திருந்தது. உள்ளேயிருந்து யாரோ பிடித்திருந்தால்தான் அப்படி மடியும்.

தரையில் மண்டியிட்டு, பலகையை இரண்டு முறை தட்டி, "போயிட்டாங்க. வா கண்ணு" என்றாள்.

எங்களுக்குப் பின்னால் டீச்சர், காவலாளி, கண் பரிசோதனைக்காரர்கள், வாசலிலிருந்து ஓடிவந்த பெற்றவர்கள் என்று பெரிய கூட்டம் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். முன்வரிசையில் மகன் கையைப் பிடித்துக்கொண்டு கீழ்வீட்டுக்காரி நின்றாள்.

துணிக்குள்ளிருந்து காற்றுப்போல ஒரு குரல் வந்தது. அந்தக் குடும்பத்தின் சண்டைக் குரல்.

"பொய். நிறைய கால் தெரியுது."

கழுகு வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குரல் மறுபடியும் கேட்டது.

"இப்ப நீ அம்மாவா, சித்தியா?"

அந்தக் கேள்விக்கு ஒரு வீடு விலை என்று அங்கே நின்றவர்களில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவள் கீழ்வீட்டுக்காரியைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள், நான் கண்ணால் கண்டேன். பிறகு தரையில் குப்புறப் படுத்து, துணிக்கு அடியில் முகத்தை நுழைத்து, அவள் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாத குரலில் சொன்னாள்.

"அம்மாதான்டி. உன் அம்மா. உள்ளேயும் அம்மாதான், வெளியேயும் அம்மாதான்."

அதற்குப் பிறகும் பாப்பா வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. டீச்சர் எல்லோரையும் அனுப்பிக் கதவைச் சாத்தினார். வந்தபோது துணியைப் பிடித்த கையை அவளால் விரிக்க முடியவில்லை. ஒவ்வொரு விரலாக நாங்கள்தான் பிரித்துவிட்டோம்.

அன்று மாலையே ஸ்கூட்டர் வந்தது. பத்து நாளில் காலி செய்யச் சொன்னார். பத்து நாள் எதற்கு என்று மறுநாளே என் வீட்டு முன்னறைக்குக் கூட்டி வந்துவிட்டேன். யோசனை சொன்ன வாய்க்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? ஒரு மாதம் கழித்து, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், தகரக் கூரை போட்ட இடம் ஒன்று கிடைத்தது. மழை பெய்தால் பேசவே முடியாது, ஆனால் மூன்று பேர் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். பாப்பாவின் அப்பா இப்போது தூங்கும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார்.

ஆலோசகர் அம்மா வாரம் ஒருநாள் பாப்பாவோடு உட்காருகிறார். முதல் நாள் கழுகு அவரிடம் பிள்ளையைத் திருத்திக் கொடுங்கள் என்றாளாம். "பிள்ளைகிட்ட தப்பு ஒண்ணுமில்லம்மா. நீங்க கொடுத்த வேலையை அவ ரொம்ப சரியா செஞ்சிருக்கா. அந்த வேலை முடிஞ்சிருச்சுன்னு அவ நம்பணும், அதுக்கு நாளாகும்" என்று அவர் சொல்லியிருக்கிறார்.

நாளாகத்தான் செய்கிறது. புருவம் வளர்ந்துவிட்டது, வயிற்று வலி வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது. ஆனால் தினமும் காலையில் அதே பழைய பள்ளிக்கூட வாசலில், அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, காதருகே, "இன்னிக்கும் அம்மாதானே?" என்று கேட்பாள். ஆமாம் என்றதும் உள்ளே போவாள். நாலு மாதமாக ஒருநாள் தவறவில்லை.

நேற்று அவள் கேட்கவில்லை. பேசாமல் உள்ளே போய்விட்டாள். கழுகு கம்பெனிக்கு வந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நம்பிக்கை வந்துவிட்டதா, இல்லை கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்று விட்டுவிட்டாளா? நல்லதுதான் என்று சொன்னேன், எனக்கும் நிச்சயமில்லை. பாக்கெட்டே கிழிந்திருந்த சட்டையை அவள் பெட்டிக்குள் போட்டாள். நான் எடுத்து அம்பு ஒட்டினேன்.

மாலையில் அனுமதி வாங்கிக்கொண்டு நானும் அவளோடு போனேன். வாசலில் வழக்கமான கூட்டம். கீழ்வீட்டுக்காரி எங்களுக்கு நாலு அடி தள்ளி நின்றாள். பாப்பா வெளியே வந்து படியிலேயே நின்றுவிட்டாள். பழக்கப்பட்ட மாதிரி முதலில் இடது பக்கம் பார்த்தாள், பிறகு வலது பக்கம். கீழ்வீட்டுக்காரியைப் பார்த்தாள். அவள் கை புருவத்துக்குப் போனது.

பாப்பா கையை இறக்கினாள்.

"அம்மா" என்று கூப்பிட்டாள். சத்தமாக இல்லை, ஆனால் நாலு அடி தள்ளி நின்றவளும் திரும்பிப் பார்த்தாள்.