சாரின் உயரத்துக்கு ஒரு வளையம்

1. சித்தூரில் எங்கள் ஆலயத்துக்கும் ஆலயத்தின் கல்யாண மண்டபத்துக்கும் நடுவே, மிஷனரி காலத்தில் யாரோ ஒரு கூடைப்பந்து மைதானம் போட்டார்கள். எதற்குப் போட்டார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

2. வளாகத்துப் பெண்கள் சேர்ந்து கிளப் தொடங்கினோம். மண்டல லீக்கின் கடைசிப் பிரிவில் இடம் கிடைத்தது. அதற்குக் கீழே பிரிவு இல்லாததால் அங்கேயே நிலைத்தோம்.

3. மாம்பழக்கூழ் ஆலை முதலாளி ஒருவர் மைதானத்தைப் புதுப்பித்துக் கொடுத்தார்.

4. அவரே வந்து திறந்து வைத்தார். முதல் பந்தை அவரே எறிந்தார். விழுந்தது.

5. அதற்குப் பிறகு திருப்பதியில் எங்களுக்கு எதுவும் விழவில்லை.

ஆலய ஆண்டு மலருக்குக் கிளப்பின் வரலாறு வேண்டும் என்று கமிட்டிச் செயலாளர் கேட்டதற்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்: “அஞ்சாவது எதுக்கும்மா? அதை எடுத்துடு. மீதி எல்லாம் பாகுந்தி, நல்லா இருக்கு.”

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் அக்கா ஊரிலும் ஒரு கீழ்ப்பிரிவு கூடைப்பந்து கிளப் உண்டு. அவர்களுடைய வரலாறு ஹால் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறதாம். கூரை ஒழுகியது, வேறு ஹாலுக்கு மாறினோம், தோற்றோம், மறுபடி தோற்றோம் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்களாம். அங்கே பிரச்சினை மழை. எங்கள் பிரச்சினை மரியாதை. மரியாதைக்குக் கூரை போட முடியாது.

திறப்பு விழாவுக்கு முந்திய நாள் ஒத்திகை நடந்தது. நான் திருப்பதிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். அன்று எனக்கு ஷிப்ட். நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். முதலாளியும் செயலாளரும் ஏறக்குறைய ஒரே உயரம் என்பதால், முதலாளிக்குப் பதிலாகச் செயலாளர் பந்தை எறிந்து பார்த்திருக்கிறார். ஒன்றுகூட வளையத்தை எட்டவில்லை. அவ்வளவு போட்டோகிராபர்கள் முன்னால் முதலாளி சாரின் பந்து பாதி வழியில் திரும்பினால் ஆலயத்துக்கு என்ன மரியாதை? வெல்டிங் ஆளைக் கூப்பிட்டு, வாசல் பக்கத்து வளையத்தைப் பலகையோடு கீழே இறக்கிப் பற்ற வைத்துவிட்டார். விழா முடிந்ததும் ஏற்றிவிடலாம் என்பது திட்டம்.

விழாவில் ஜெபம், சால்வை, மறுபடி சால்வை. சார் மாலையைக் கழற்றாமலே எறிந்தார். பந்து விழுந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், நான் உட்பட. அன்று மாலையே அந்தக் கம்பத்தில் அவருடைய பெயர் பொறித்த பளிங்குக் கல்லைப் பதித்தார்கள். கல் பதித்த கம்பத்தில் யார் கை வைப்பார்கள்? வளையம் இறங்கிய இடத்திலேயே நின்றது. இறக்கியதை எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று செயலாளருக்குத் தோன்றவில்லை.

இன்னொரு வளையம் மைதானத்தின் மறுகோடியில், வேப்பமரத்தடியில் இருந்தது. அதன் கீழே செயலாளரின் கார் நிற்கும். நிழலுக்காக. அதனால் எங்கள் பயிற்சி முழுவதும் வாசல் பக்கத்து வளையத்தில்தான். அந்தப் பருவம் நாங்கள் எறிந்ததெல்லாம் விழுந்தது. திரும்பி நின்று எறிந்தாலும் விழுந்தது. பெஞ்சை விட்டு எழுந்திராத பெண்கூடப் போட்டாள்.

“சார் கை ராசி” என்றார் செயலாளர்.

“புது போர்டுன்னா சும்மாவா?” என்றார் எங்களுக்குப் பயிற்சி தரும் மாஸ்டர்.

நான் பகலெல்லாம் உதிரி பாகங்களை அளந்து, மயிரிழை தப்பினாலும் ஒதுக்கித் தள்ளுகிறவள். எனக்குத் திறமை வந்துவிட்டது என்று நம்பினேன். அதை அளந்து பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்?

அந்தப் பருவம் விளையாட்டு மட்டும் அல்ல. மண்டபத்துக்கு வரும் கார்கள் சாலையை அடைப்பதாகப் புகார் இருந்தது. இந்த முறை ஒரு ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் மைதானம் கார் நிறுத்துமிடமாகும் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. எனக்காவது திருப்பதியில் வேறு மைதானம் தேட முடியும். எங்கள் கேப்டனுக்கு முடியாது. அவள் பள்ளியில் கெமிஸ்ட்ரி சொல்லித் தருகிறாள். மாமியார் வீடு வளாகத்துக்கு எதிரே. ஆலயத்துக்குள்தானே போய்வருகிறாள் என்பதால் விடுகிறார்கள். லீக் ஆட்டத்துக்கு ஆலய அணியோடு போகலாம்; மற்றபடி மதில் தாண்டினால் அவளுக்கு விளையாட்டு இல்லை. அவள் அதை ஒருமுறைதான் என்னிடம் சொன்னாள், ஷூ லேஸ் கட்டிக்கொண்டே.

திருப்பதியில் முதல் ஆட்டம். எறிந்த பந்தெல்லாம் வளையத்தின் முன்விளிம்பில் இடித்து எங்கள் கைக்கே திரும்பியது. எதிரணி பெஞ்சிலிருந்து ஒருத்தி கத்தினாள்: “அக்கா, மாங்கா அடிக்கிறீங்களா? கல்லு எடுத்து அடிங்க!”

கேப்டன் என்னிடம் ஓடி வந்தாள். “ஏய், இவுங்க ரிங்கை ஏத்தி வெச்சிக்கினு ஆடறாங்கடி. மாஸ்டரை கேக்கச் சொல்லு.”

மாஸ்டர் கேட்டார். எழுத்துப்பூர்வமாகவே கேட்டார். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, அளவுகோலை வரவழைத்து, அரங்கமே பார்க்க அளந்தார். பத்து அடி. மறுமுனையிலும் அளந்தார். பத்து அடி. பிறகு கோலை எங்கள் மாஸ்டர் கையில் கொடுத்து, “மீரு கூடா சூடண்டி சார்”, நீங்களும் பாருங்கள் என்றார். மாஸ்டரும் அளந்தார். அந்த அரங்கில் அவ்வளவு சத்தமான சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

சித்தூர் பஸ்ஸில் திரும்பினோம். இறங்கியதும் நான் வீட்டுக்குப் போகாமல் டேப்பும் ஸ்டூலுமாக மைதானத்துக்குப் போனேன். வாசல் பக்கத்து வளையம் அரை அடிக்கு மேல் குறைவு. எங்கள் தொழிற்சாலையாக இருந்தால் அந்த வளையத்தை ஒதுக்கிச் சிவப்புச் சீட்டு ஒட்டியிருப்போம். இங்கே பளிங்குக் கல் பதித்திருந்தார்கள்.

நானும் கேப்டனும் போய்க் கேட்டபோது செயலாளர் மறுக்கவில்லை. “ஆமாம்மா, அது சார் உயரத்துக்கு இறக்குனது.”

“ஏத்திக் குடுங்க அங்கிள்.”

“ஏத்துனா இன்னா அர்த்தம்? சார் போட்டது செல்லாதுன்னு அர்த்தம். ஊர்ல நாலு பேரு இன்னா பேசுவாங்க?”

“அப்போ மரத்தடி ரிங்க்ல ஆடறோம். காரை எடுங்க.”

அவர் காரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். “புது பெயின்ட்டும்மா” என்றார். கேப்டன் காருக்கு நேர் மேலே இருந்த வளையத்தில் ஒரு பந்தை எறிந்தாள். அது இறங்கும் முன்பே சாவி வெளியே வந்துவிட்டது.

மரத்தடியில் புதிதாகக் கற்றுக்கொண்டோம். கை பழக நாள் பிடித்தது, லீக் காத்திருக்கவில்லை. மீதி ஆட்டங்களிலும் தோற்றோம். கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு கூடையில் தோற்றோம். அதைப் பெரிய முன்னேற்றம் என்று மாஸ்டர் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொன்னார்.

ஒரு சனிக்கிழமை செயலாளர் சுண்ணாம்போடு கார் நிறுத்தக் கோடு போட வந்தார். கூடவே அதே வெல்டிங் ஆள். கார்கள் உள்ளே திரும்ப வேண்டுமானால் வாசல் பக்கத்துக் கம்பத்தை அறுக்க வேண்டும். நாங்கள் ஓரமாக நின்றோம். கேப்டன் கையில் பந்து இருந்தது, தட்டவில்லை. கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்:

“அங்கிள், கல்லை கழட்டி சார் வீட்டுக்குத்தான எடுத்துக்கினு போவீங்க?”

“எந்தக் கல்லு?”

“பேரு போட்ட கல்லு. குப்பையிலயா போட முடியும்? போறப்ப சொல்லுங்க, நாங்களும் வர்றோம். ஒரு சால்வை வாங்கிக்கினு வர்றோம்.”

வெல்டிங் ஆள் மெஷினைக் கீழே வைத்துவிட்டார். செயலாளர் கல்லை முதல் முறை படிப்பதுபோல முழுவதும் படித்தார். சாரின் பெயர், அப்பா பெயர், ‘இம்மைதானத்தைத் திறந்து வைத்தார்’ என்பது வரை. பிறகு சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டார்.

“கம்பத்தைத் தொடாதீங்க யாரும்” என்று எங்களைப் பார்த்துக் கோபமாகச் சொன்னார், அறுக்க வந்தது நாங்கள் என்பதுபோல.

இப்போதைய நிலை இது. மைதானம் இருக்கிறது. வாசல் பக்கத்து வளையம் சாரின் உயரத்திலேயே இருக்கிறது; அதில் யாரும் ஆடுவதில்லை. மரத்தடி வளையத்தில் கேப்டன் தினமும் மாலை பயிற்சி செய்கிறாள். செயலாளரின் கார் வெயிலில் நிற்கிறது. ஒரு ஆட்டமும் ஜெயிக்காததால் லீக்கிலிருந்து எங்களை நீக்கிவிட்டார்கள். மறுபடி சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறோம், பதில் வரவில்லை. ஆண்டு மலர் வெளிவந்துவிட்டது. அதில் ஐந்தாவது குறிப்பு இல்லை.