சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்

துறைமுகச் சாலைக்கு இந்தப் பக்கம், உப்பளத்தை ஒட்டிய தெருவில், ஞானதீபம் பதினோரு வருடமாக ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். துறைமுகச் சரக்குக் கிளியரிங் ஆபீசுக்கும் இறால் கம்பெனிக்கும் வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலை எட்டரைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டிப்போவார்கள். பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. வாசலில் கிடக்கும் குட்டிச் செருப்புகள்தான் அடையாளம்.

அந்த வீட்டில் பிரம்பும் கிடையாது. நாசரேத்திலிருந்து இந்த ஊருக்கு வந்த புதிதில் அவள் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருந்தாள். கால்சட்டையை நனைத்துவிட்ட பிள்ளையை வெயிலில் முட்டி போடவைக்கச் சொன்னார்கள். வைத்தாள். சொன்னது யாரோ, வைத்தது தான்தானே என்று இன்றுவரை அது அவளை அரிக்கிறது. மறுநாளே வேலையை விட்டுவிட்டாள். கணவர் ஏசுவடியான் உயிரோடு இருந்தவரை, "வீட்டுல கோர்ட்டு நடத்துதா இவ" என்று அவளைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோர்ட்டில் சட்டம் இரண்டே இரண்டுதான். பெரியவர்கள் கையைப் பிடிக்காமல் ரோட்டில் கால் வைக்கக் கூடாது என்பது ஒன்று. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அழவைத்தால் என்ன செய்யவேண்டும் என்பது மற்றது. 'சாரி' என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தால் போதாது. தன் டம்ளரில் தண்ணீர் மோந்து, இரண்டு கையாலும் பிடித்துச் சிந்தாமல் கொண்டுபோய், அழுத பிள்ளையிடம் நீட்டவேண்டும். அது வாங்கிக் குடிக்கும்வரை நிற்கவேண்டும், அவசரப்படுத்தக் கூடாது. குடித்துவிட்டால் விஷயம் முடிந்தது. அப்புறம் அதைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது. டம்ளர்கள் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் நகப்பாலிஷில் ஒரு பொட்டு வைத்திருந்தாள். அஃப்ராவுக்குச் சிவப்பு.

அஃப்ராவுக்கு நாலு வயது. அவள் அம்மா மரியம் காயல்பட்டினத்துக்காரி, கிளியரிங் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. அப்பா ஃபைசல் துபாயில் இருக்கிறான். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஃப்ரா ஊஞ்சலுக்காகச் சண்டை போட்டு ஜெமி என்ற பையனைத் தள்ளிவிட்டாள். அவனுக்கு உதடு கிழிந்துவிட்டது. அவள் தண்ணீர் மோந்து வருவதற்குள் ஜெமியின் அம்மா வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று ஞானதீபம் அஃப்ராவைச் சமாதானம் செய்தாள்.

மறுநாள் ஜெமி வரவில்லை. அஃப்ரா காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டே இருந்தாள். பதினோரு மணிக்குக் கைக்குழந்தை ஒன்றுக்கு வயிறு கலங்கிவிட்டது. ஞானதீபம் குளியலறையில் அதைக் கழுவிக்கொண்டிருந்தபோது அஃப்ரா பின்னால் வந்து நின்றாள்.

"அப்போ என் தண்ணி, அத்தை?"

"அப்புறம் பாக்கலாம், போயி வெளையாடுளா" என்றாள் ஞானதீபம், திரும்பிப் பார்க்காமலே.

குழந்தையைத் துடைத்து, துணி மாற்றி, தூங்கவைத்துவிட்டு வந்தபோது வாசல் கேட் திறந்து கிடந்தது. தண்ணீர் கேன் போட வந்தவன் சாத்தாமல் போயிருக்கிறான். ஞானதீபம் செருப்புகளைப் பார்த்தாள். அஃப்ராவின் ஊதாச் செருப்பு இல்லை.

பக்கத்து வீட்டு ரோஸைக் கூப்பிட்டு மற்றப் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு ஓடினாள். முதலில் போனது உப்பளத்து வாய்க்காலுக்கு. பிள்ளையைத் தொலைத்தவள் மனசு எப்போதும் தண்ணீருக்குத்தான் முதலில் போகும். சேலையோடு இறங்கி, முழங்கால் ஆழத் தண்ணீரில் இரண்டு கையாலும் துழாவினாள். கையில் சேறு வந்தது, ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. அந்தப் பை கையில் பட்ட நொடியில் அவளுக்கு உயிரே இல்லை. பாதத்து வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறி எரிந்ததுகூடத் தெரியவில்லை. "ஏசப்பா, என்னை எடுத்துக்கோ" என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்து சங்கரலிங்கம் அண்ணாச்சியின் கடை. பிள்ளை இந்தப் பக்கம் வரவில்லை என்றார். அவள் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, "தாய்க்காரிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிரும்மா" என்றார்.

"பத்து நிமிஷம் பொறுங்க, அண்ணாச்சி."

அந்தப் பத்து நிமிஷத்தை அவள் யாருக்காகக் கேட்டாள்? பிள்ளைக்காக இல்லை. பதினோரு வருடப் பெயருக்காகக் கேட்டாள். கேட்டது தன் காதிலேயே விழுந்தபோது கூசிப்போனாள். அங்கேயே நின்று போன் போட்டாள். மரியம் எடுக்கவில்லை.

மறுபடியும் வீட்டுக்கு ஓடிவந்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், பீரோவைத் திறந்தாள், தண்ணீர் டிரம்முக்குள் கையை விட்டாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு வாய் தண்ணீருக்காக டம்ளர் தட்டைத் தொட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். பச்சைப் பொட்டு இருந்தது, மஞ்சள் இருந்தது. சிவப்பு இல்லை.

எங்கே போயிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்ததே மேல் என்று தோன்றியது. அந்த ரோட்டில் கண்டெய்னர் லாரியும் நிலக்கரி லாரியும் மூச்சுவிடாமல் ஓடும். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் நாலு வயசுப் பிள்ளையின் தலை தெரியவே தெரியாது. தெருமுனைக்கு ஓடும்போது ஒரு லாரி பிரேக் போட்டுக் கிறீச்சிடுவது கேட்டது. மிச்சத் தூரத்தையும் ஓடியே கடந்தாள்.

வேகத்தடைக்குப் பக்கத்தில், ரோட்டின் இந்த ஓரத்தில், அஃப்ரா நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் கரித்தூசி. இரண்டு கையாலும் டம்ளரை நெஞ்சோடு பிடித்திருந்தாள். அதில் விரல்கடைத் தண்ணீர்தான் மிச்சம்.

ஞானதீபம் போன வேகத்தில் அவள் கன்னத்தில் அறைந்தாள்.

பதினோரு வருடத்தில் முதல் அடி. டம்ளர் உருண்டுபோய் மண்ணில் விழுந்தது. அஃப்ரா உடனே அழவில்லை. அத்தைக்கு அடிக்கத் தெரியும் என்பதை நம்பவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் உதடு கோணியது.

"நான் ரோட்டுல கால் வைக்கல, அத்தை. கையப் பிடிச்சுக்க யாரும் வரல. எனக்கு ரெண்டு கையும் டம்ளர்ல இருந்துச்சு."

அவளை டம்ளரோடு அனுப்பியதும் ஞானதீபம் சொல்லிக்கொடுத்த சட்டம், அந்த ஓரத்தில் முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்ததும் ஞானதீபம் சொல்லிக்கொடுத்த சட்டம். சொன்னதைச் சொன்னபடி கேட்ட பிள்ளைக்கு அறை. அவள் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து பிள்ளையைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். அஃப்ரா உடம்பை விறைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மரியத்துக்கு மறுபடி போன் போட்டாள். பிள்ளையைத் தொலைத்ததையும் சொன்னாள், கிடைத்ததும் அடித்ததையும் சொன்னாள். "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மரியம் வைத்துவிட்டாள்.

அஃப்ரா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஞானதீபம் சிவப்புப் பொட்டு டம்ளரைக் கழுவினாள். தண்ணீர் மோந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போய் முட்டி போட்டாள். முட்டி போட்டதில் கொஞ்சம் சிந்தியது. மற்றப் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டுச் சுற்றி நின்றன. அவர்களுக்குச் சட்டம் தெரியும்.

அஃப்ரா வாங்கவில்லை. ஞானதீபத்துக்கு முட்டி வலித்தது, கை கடுத்தது. "குடிச்சிரு, மக்கா" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"அவசரப்படுத்தக் கூடாது, அத்தை" என்றது பின்னாலிருந்து ஒரு பிள்ளைக் குரல்.

மரியம் வந்து வாசலில் நின்றாள். ஞானதீபம் திரும்பவில்லை. மரியமும் உள்ளே வராமல், மகளின் கன்னத்தையும் டம்ளரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. கடைசியில் அஃப்ரா கை நீட்டி டம்ளரை வாங்கினாள். பாதி குடித்தாள். பிறகு நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மிச்சம் ஜெமிக்கு" என்றாள்.

மரியம், நாளைக்குப் பிள்ளையை அனுப்புவதாகவும் சொல்லவில்லை, அனுப்பமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஞானதீபம் மற்றப் பிள்ளைகளை மறுபடி ரோஸிடம் விட்டுவிட்டு வந்தாள். ஜெமி வீட்டுக்குப் போக மூன்று பேரும் ரோட்டோரத்தில் லாரிகள் ஓய்வதற்காகக் காத்து நின்றார்கள். அஃப்ராவின் இரண்டு கையும் டம்ளரில் இருந்ததால், ஒரு தோளை மரியம் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தோளைப் பிடிக்கலாமா என்று தெரியாமல் ஞானதீபம் கையை நீட்டியபடியே கூட நடந்தாள்.