திரைக்கு வெளியே ஒரு பெயர்

ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை, பிற்பகல், திருவனந்தபுரம். பல்கலைக்கழக இணையதளத்தை மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்த முடிகிறதா என்று அறியும் சோதனை. வெளியே மழை. சோதித்தவர் சுஜா, முதுகலை முடித்தவர், பிறவியிலேயே பார்வையற்றவர். உடனிருந்தோர்: இணையதளப் பொறுப்பாளர் பினீஷ்; இணையதளக் குழு உறுப்பினர் என்ற முறையில் ஓய்வுபெற்ற பேராசிரியனாகிய நான். சமூகவியல் துறையின் ஆசிரியர் பக்கத்தில் திரையில் தெரிந்த பெயர்கள் ஏழு. கணினி உரக்கப் படித்த பெயர்கள் எட்டு. எட்டாவது பெயர் கோமதி. கோமதி என் மனைவி. சென்ற பங்குனியில் காலமானாள்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பார்வையற்றவர்கள் கணினியைக் காதால் படிக்கிறார்கள். திரையில் உள்ளதை ஒரு மென்பொருள் உரக்கச் சொல்லும். பழகியவர்கள் அதை எவ்வளவு வேகத்தில் ஓடவிடுவார்கள் என்றால், நமக்கு அது தகரத்தில் மழை விழுவது போலத்தான் கேட்கும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அவள் பெயர் மட்டும் எனக்குத் தனியாக வந்து விழுந்தது. திரையைப் பார்த்தேன். ஏழாவது பேராசிரியரின் படத்துக்குக் கீழே வெறும் வெள்ளை. பினீஷ் தலையைச் சொறிந்தார்.

"சாரே, டெலீட் செய்தால் பேஜ் மொத்தம் செரிஞ்ஞு போகும். ஞங்ஙள் ஸைடிலேக்கு தள்ளி வைக்கும், அத்ரே உள்ளூ."

ஓய்வு பெற்றவர்கள், மாறிப் போனவர்கள், இறந்தவர்கள் எவரையும் இங்கே நீக்குவதில்லை. நீக்கினால் பக்கத்தின் வரிசை குலைந்துவிடுமாம். ஆகவே பெயரைத் திரையின் ஓரத்துக்கு அப்பால், கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்திவிடுகிறார்கள். இந்தத் துறையில் அப்படிப் போனது இதுவரை கோமதி மட்டும். கண்ணால் பார்ப்பவருக்கு அவர் இல்லை. காதால் படிப்பவருக்கு அவர் அப்படியே இருக்கிறார்.

இந்த நகரத்துக்கு நாங்கள் திருநெல்வேலியிலிருந்து இளம் விரிவுரையாளர்களாக வந்தோம். இருவருக்கும் பட்டங்கள் இருந்தன. மலையாள எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கிழக்கேகோட்டையில் ஒவ்வொரு பேருந்திலும் ஏறி "கரமனை போகுமா?" என்று கோமதி கேட்பாள். ஒருநாள் ஒரு நடத்துநர், "போர்டு வாயிச்சிட்டு கேறிக்கூடே, சேச்சீ? பாண்டியாணோ?" என்றார். பலகையைப் படித்துவிட்டு ஏறக்கூடாதா, தமிழச்சியா என்ற கேலி. பேருந்தே சிரித்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும், "கண் இருந்தும் எனக்கு இந்த ஊர் தெரியவில்லை. கண் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டாள். பிற்பாடு பல்கலைக்கழகத்தில் அவள் எடுத்துச் செய்த வேலைகளெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை. துறையின் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு புகைப்படத்துக்கும், பார்க்க முடியாதவர் கேட்பதற்கான விவரிப்பை எழுதியவள் அவளே.

"இந்த மேடத்தத்தான் சார் நான் பாக்க வந்துட்டிருக்கேன்" என்றாள் சுஜா.

போனக்காடு தேயிலைத் தோட்டத்துப் பெண் அவள். ஆராய்ச்சிக்கு நெறியாளராகக் கோமதியை மனத்தில் வைத்து, வேறு யாரையும் கேட்கவில்லை. செவ்வாய் பிற்பகல்களில் மாணவர்கள் சந்திக்கலாம் என்று இணையதளம் சொன்னதை நம்பி, செவ்வாய்தோறும் கோமதியின் அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

"தட்டினா தொறக்க மாட்டாங்க. ஆனா உள்ள ஃபேன் ஓடுற சத்தம் கேக்கும். மேடம் ஏதோ எழுதிட்டிருக்காங்க போலன்னு இருந்துட்டு, பஸ் நேரமானா போயிருவேன். மெயிலுக்கும் பதில் வந்துச்சல்லே!"

அறை பூட்டிக் கிடக்கிறது. உள்ளே இப்போது இணைய இணைப்புக் கருவிகளை அடுக்கியிருக்கிறார்கள். ஓயாமல் இரைவது அவைதான். மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் கோமதி தானாகச் செல்லும் பதில் ஒன்றை அமைத்துவிட்டுப் போயிருந்தாள். உங்கள் கடிதம் கிடைத்தது, தாமதமானாலும் நிச்சயம் எழுதுவேன் என்று அது இன்றுவரை எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

"மேடம் மரிச்சுபோயி, மோளே" என்றார் பினீஷ்.

சுஜாவின் விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றன. "அப்ப எனக்கு பதில் போட்டது ஆரு?" பிறகு அவள் குரல் உயர்ந்தது. "கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு பினீஷேட்டா. கண்ணு தெரியுறவங்களுக்கு மட்டும்தான் மேடம் செத்தாங்களா?"

பினீஷ் என்னைப் பார்த்தார். "அவர் என் மனைவி" என்றேன். குழுக் கூட்டத்தில் பேசும் குரலில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஆராய்ச்சிப் பதிவு இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நெறியாளர் ஒப்பமிடாத படிவத்தை அலுவலகம் வாங்காது. தவறினால் அவளுக்கு ஓராண்டு வீண். அதே துறையின் பேராசிரியர் ஷீலா டீச்சரை அங்கிருந்தே தொலைபேசியில் அழைத்து விவரம் சொன்னேன்.

"ப்ளைண்ட் குட்டியாணோ, சாரே? ஆரு வாயிச்சு கொடுக்கும்?"

"அவள் படிக்கும் வேகத்துக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது, டீச்சர்."

டீச்சர் நாளைக்கே அவளை அனுப்பச் சொல்லிவிட்டார். "செரி, நாளெ தன்னெ அயக்கூ."

எழுந்திருக்கும் முன் சுஜா தயங்கினாள். "சார், உங்களுக்கு மெதுவா வெக்கட்டா?" அவள் வேகத்தைக் குறைத்தாள். உயிரற்ற, தெளிவான பெண்குரல் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகப் படித்தது. கோமதி, பேராசிரியர். படம்: நரைத்த தலை, பச்சைப் புடவை, படம் எடுப்பவர் வற்புறுத்துவதால் சிரிக்கிறார். அந்தப் படத்தை எடுத்தவன் நான். அப்படி ஒரு வரி இருப்பதே எனக்குத் தெரியாது. திரையில் நான் பார்த்துக்கொண்டிருந்த இடம் வெள்ளையாகவே இருந்தது.

"பேஜ் செரிஞ்ஞாலும் ஞான் செரியாக்காம். இப்ப எடுத்துரட்டே, சாரே?" என்று பினீஷ் கேட்டார். குழுவின் ஒப்புதல் என்பது என் கையெழுத்துத்தான். கோமதியின் பெயர் அங்கே இருக்கும்வரை இன்னொருவர் வந்து அந்த வாசலில் காத்திருக்கக்கூடும். இது எனக்குத் தெரியும். நாளை பார்ப்போம் என்றேன்.

பேருந்து நிறுத்தத்தில், என் சொந்த ஊர் எது என்று சுஜா விசாரித்தாள். சொன்னேன். "எங்க மலைல இந்தப் பக்கம் விழுற மழ கரமனை ஆத்துக்கு வரும் சார். அந்தப் பக்கம் விழுந்தா உங்க திருநெல்வேலிக்குப் போயிரும்" என்றாள். உச்சியில் நிற்பவனுக்கு எது எந்தப் பக்கத்து மழை என்று தெரியுமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவளுடைய பேருந்து வந்துவிட்டது. பலகையை நான் படித்துச் சொன்னேன்.

செய்யாமல் நிற்பவை:

சுஜாவின் படிவத்தில் ஷீலா டீச்சரின் ஒப்பம். வெள்ளிக்கு முன்.

கோமதியின் மின்னஞ்சல் கணக்கை மூடுதல். கணவன் எழுதித் தர வேண்டுமாம்.

ஆசிரியர் பக்கத்திலிருந்து அவள் பெயரை நீக்க ஒப்புதல். அடுத்த செவ்வாய்க்கு முன்.

அஸ்தி. கரமனை ஆற்றில் விட்டது பாதி. தாமிரபரணிக்கு என்று வைத்த பாதி, அலமாரியில் இருக்கிறது.