அண்ணன் ருசி சொல்லத் தொடங்கியபோது

அண்ணனுக்குப் பெண் பார்க்கச் சிதம்பரத்துக்குப் போன அன்று, தட்டில் வந்தது காபி இல்லை. கைப்பிடி வைத்த கண்ணாடிக் கோப்பைகளில், அடி தெரியும்படி தெளிவாக, இளம்பச்சை நிறத்தில் ஏதோ ஒன்று வந்தது. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். நான் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன். கசந்தது. பச்சைத் தேயிலையையும் எலுமிச்சைப் புல்லையும் வெந்நீரில் போட்டவர்கள், எங்களை உட்கார வைக்கிற பரபரப்பில் அதை நேரத்தோடு வடிகட்ட மறந்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணன் மட்டும் கடைசிச் சொட்டு வரை குடித்தார். குடித்து முடித்துக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்குங்க" என்றார். கதவோரம் நின்றிருந்த அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் கேட்டேன். "கசக்குதுன்னு எனக்குத் தெரியாதா? அதைக் குடிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொல்றாரு. இந்த மனுஷன் பொய் சொல்வாருன்னு புரிஞ்சுது. யாரையும் நோகடிக்க மாட்டாருன்னும் புரிஞ்சுது. சரின்னுட்டேன்" என்றார் அண்ணி.

அண்ணி ருசியை வைத்தே பிழைத்தவர். சிதம்பரத்தில் படிப்பை முடித்துவிட்டு, நீலகிரியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிற வேலையில் சில வருஷம் இருந்தார். கல்யாணமாகிக் கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் மாடி அறையை எடுத்துக்கொண்டார். நீலகிரித் தேயிலையோடு ஏலக்காய், காயவைத்த ஆரஞ்சுத் தோல் சேர்த்து ஒரு வகை. தேயிலையே இல்லாமல் துளசியும் புதினாவும் ஒரு வகை. செம்பருத்தி, சங்குப்பூ, சுக்கு, எலுமிச்சைப் புல் என்று மாடி முழுக்க மூங்கில் தட்டுகளில் காய்ந்துகொண்டிருக்கும். கடலூரிலும் சிதம்பரத்திலும் சில கடைகளில் வாங்கிக்கொண்டார்கள்.

அண்ணி ருசி பார்ப்பதை முதல்முறை பார்த்தபோது அம்மா பயந்தே போனார். வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு இலை, ஒரே அளவு வெந்நீர், ஒரே நேரம். பிறகு ஒரு குழிக்கரண்டியில் எடுத்துக் காற்றோடு சேர்த்து 'சர்ர்' என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சுவார். வாய்க்குள் ஒரு சுற்று சுற்றவிட்டுப் பக்கத்து வாளியில் துப்புவார். கொஞ்சம் பொரியை மென்று, வெந்நீரில் வாய் கொப்பளித்துவிட்டு அடுத்த கோப்பை. "ஏம்மா, இதைக் குடிக்கிறியா துப்புறியா?" என்று அம்மா கேட்டதற்கு, "எல்லாத்தையும் குடிச்சா நாலாவது கோப்பைல நாக்கு ஏமாத்திடும் அத்தை" என்றார் அண்ணி. அம்மாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் மாடியில் அந்தச் சத்தம் கேட்டால், கீழே யாரையும் சத்தம் போட்டுப் பேச விடமாட்டார்.

அண்ணனோ இதற்கு நேர்மாறான ஆள். வங்கியில் வேலை. தையல்காரர் சட்டைக் கையைக் குட்டையாகத் தைத்துவிட்டால், "நல்லா இருக்கு" என்று வாங்கிக்கொண்டு வந்து அதையே கிழியும்வரை போடுவார். யாரும் போக விரும்பாத கிளைக்கு இவரை மாற்றினால், "பரவாயில்ல சார்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அண்ணி எந்தக் கோப்பையை நீட்டினாலும் நல்லா இருக்கும். அதனால் அண்ணி அவரிடம் ருசி கேட்பதையே விட்டுவிட்டார். "உங்க அண்ணன்கிட்ட கேக்கறதும் இந்தச் செவுத்துகிட்ட கேக்கறதும் ஒண்ணுதான் பாப்பா" என்பார் சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு ஒரு கட்டத்தில் நின்றுபோனது. புதுச்சேரிப் பக்கம் தங்கும் விடுதிகள் நடத்துகிற ஒருவர், கடையில் அண்ணியின் பொட்டலத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் பேசினார். அவருடைய விடுதி அறைகள் எல்லாவற்றிலும் வைக்க நான்கு சுவைகள் வேண்டுமாம். செய்து வையுங்கள், நேரில் வந்து குடித்துப் பார்க்கிறேன் என்றார். மாடி அறை ஒரு தொழிலாக மாறுவதற்கு அதுதான் வழி என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அதே நாட்களில்தான் அண்ணி கர்ப்பமானார்.

வெகுநாள் காத்திருந்த சேதி. வீடே குதூகலப்பட்டது. ஆனால் அண்ணியின் மூக்கு அவரைக் கைவிட்டுவிட்டது. எலுமிச்சைப் புல் மண்ணெண்ணெய் மாதிரி நாறுகிறது என்றார். துளசியை மோந்தால் குமட்டிக்கொண்டு வந்தது. வெறும் தண்ணீரில்கூடத் துரு வாசனை அடித்தது. மசக்கை போனால் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். வாந்தி நின்றது. மூக்கு மட்டும் திரும்பவில்லை. விடுதிக்காரர் வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

என்னைச் சோதித்துப் பார்த்தார். எனக்கு எல்லாமே டீதான். அம்மா எதைக் குடித்தாலும், "நம்ம சுக்குக் காபி மாதிரி வராதும்மா" என்றார். கடைசியில் அண்ணனிடம் போய்த்தான் நிற்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வெவ்வேறு பக்குவத்தில் போட்ட கோப்பைகளை அண்ணன் முன்னால் வைத்தார். அண்ணன் ஒவ்வொன்றாகக் குடித்தார். ஒவ்வொன்றுக்கும், "நல்லா இருக்கும்மா" என்றார். வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்த ஒரு கோப்பைக்கும் அதையேதான் சொன்னார். அண்ணி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"உங்க 'நல்லா இருக்கு'வ வச்சிக்கிட்டு நான் என்னங்க பண்றது? எனக்கு இப்போ வேண்டியது ஒரு நாக்கு. அதுகூட உங்களால குடுக்க முடியாதா?"

அண்ணன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி படியில் போய் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் யாரும் வெளியே பேசாத ஒன்றை அன்று அவரிடம் சொன்னேன்.

எங்கள் அப்பா நல்ல உழைப்பாளி. ஆனால் சாப்பாட்டில் குறை கண்டால் தட்டு பறக்கும். உப்புக் குறைந்தால் தட்டு, காரம் கூடினால் தட்டு. சுவரில் குழம்பு வழிய, அம்மா துணியை எடுத்து வந்து துடைத்துக்கொண்டிருப்பார். அண்ணன் சின்ன வயசிலேயே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அப்பா கையை வைப்பதற்கு முன்பே தான் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்கும்மா!" என்று சத்தமாகச் சொல்லிவிடுவார். பிள்ளை இப்படிச் சொன்ன பிறகு அப்பா சில நாள் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். சில நாள் எப்படியும் தட்டு பறக்கும். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அண்ணனுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. குறை என்று ஒரு வார்த்தை சொன்னால் எதிரே நிற்கிறவருக்கு என்ன ஆகும் என்பது அவருக்கு உடம்பிலேயே பதிந்துவிட்டது.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதை ஏன் பாப்பா எனக்கு முன்னாடியே சொல்லல?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் அண்ணன் வங்கியிலிருந்து வந்து முகம் கழுவியதும், அண்ணி இரண்டே இரண்டு கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தார். ஆரஞ்சுத் தோல் போட்ட தேநீர், இரண்டு பக்குவத்தில்.

"நல்லா இருக்கா இல்லையான்னு நான் கேக்கப் போறதில்ல. ரெண்டுமே நான் போட்டதுதான். ரெண்டுமே நல்லாதான் இருக்கும். உங்களுக்கு இன்னொரு வாட்டி ஊத்தணும்னா இதை ஊத்தட்டுமா, அதை ஊத்தட்டுமா?"

அண்ணன் இதைக் குடித்தார். அதைக் குடித்தார். மறுபடி இதைக் குடித்தார். பொரியை எடுத்து மென்றார். பிறகு இடது பக்கக் கோப்பையை விரலால் மெல்லத் தள்ளி, "இது" என்றார்.

"ஏங்க?"

"அதுல தோல் வாசனை வாயிலயே நின்னுடுது. இது தொண்டையில எறங்குனப்புறமும் கொஞ்ச நேரம் இருக்கு. அப்புறம்... அதுல கடைசில லேசா ஒரு கசப்பு. தோலுக்கு உள்ள வெள்ளையா இருக்குமே, அதை சரியா சுரண்டலையோ என்னமோ."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். அந்தத் தோலைச் சுரண்டியவள் நான்தான். பாதியில் கை வலித்து விட்டுவிட்டேன். இத்தனை வருஷமும் அண்ணன் எல்லாவற்றையும் ருசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வெளியே சொல்லத்தான் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் மாலை இரண்டு கோப்பைகள் வந்தன. அண்ணன் எதையும் குறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டில் ஒன்றைக் காட்டினால் போதும். துளசியில் புதினாவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். சுக்கை இடித்துப் போட்டால் ஒரு மாதிரியும், சீவிப் போட்டால் வேறு மாதிரியும் இருக்கிறது என்று கண்டுபிடித்தது அண்ணன்தான். செம்பருத்தியின் புளிப்பைச் சரிசெய்யத்தான் ரொம்ப நாள் ஆனது. கடைசியில் கொஞ்சம் அதிமதுரம் சேர்த்ததும் அது அடங்கியது. அண்ணன் 'சர்ர்' என்று உறிஞ்சக்கூடப் பழகிவிட்டார். முதல் தடவை புரையேறி, அம்மா ஓடி வந்து தலையில் தட்டினார்.

விடுதிக்காரர் சொன்னபடி வந்தார். இனிமையான மனிதர். கூடத்தில் உட்கார்ந்து நான்கையும் நிதானமாகக் குடித்தார். எலுமிச்சைப் புல்லும் சுக்கும் சேர்ந்தது அவருக்குப் பிடித்துப்போனது. ஆரஞ்சுத் தோலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். துளசிக்குத் தலையாட்டினார். செம்பருத்தியில் மட்டும் நின்றார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா பொட்டலத்தைப் பிரிச்சா வாசனை வரலியே. கெஸ்ட்டுங்க பிரிச்ச உடனே கமகமன்னு வரணும். இதுல ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க." பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். ஸ்ட்ராபெர்ரி எசன்ஸ்.

அண்ணி வேறொரு கோப்பையில் செம்பருத்தியை ஊற்றி அதில் சொட்டு விட்டார். மூக்கைச் சுளித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. தன் மூக்கை நம்ப முடியாத அந்த நேரத்தில், சரி என்று சொல்லிவிடலாம் என்று அவர் மனசு சாய்வது முகத்திலேயே தெரிந்தது. வந்திருப்பதோ அவ்வளவு பெரிய ஆர்டர். விடுதிக்காரர் அந்தக் கோப்பையை அண்ணன் பக்கம் நகர்த்தினார்.

"சார், நீங்க சொல்லுங்க. எப்படி இருக்கு?"

'இதுவா அதுவா' என்று அவர் கேட்கவில்லை. எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். அண்ணனால் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. அவர் குடித்தார். கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் நின்ற அம்மா, தன்னை அறியாமல் தோளில் கிடந்த துணியைக் கையில் எடுத்ததைப் பார்த்தேன்.

"நல்லா இல்லைங்க" என்றார் அண்ணன்.

குரல் ரொம்பச் சன்னமாக வந்தது. கோப்பையை மேசைமேல் வைத்தார். பிறகு கொஞ்சம் தெளிவாகச் சொன்னார். "எசன்ஸ் முன்னாடி வந்து நிக்குது. பூ காணாமப் போயிடுது. குடிச்சப்புறம் நாக்குல சோப்பு மாதிரி ஒட்டிக்குது. இவுங்க செஞ்சதுல அது கெடையாது. வேணாங்க, இதைப் போட வேணாம்."

விடுதிக்காரர் இரண்டு கோப்பைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மறுபடி குடித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். "எங்க கெஸ்ட்டுங்களுக்கு எசன்ஸ் போட்டதுதான் சார் புடிக்கும். ஆனா நீங்க சொல்றதும் சரிதான். மத்த மூணையும் குடுங்க. செம்பருத்தியை நீங்களே வச்சிக்குங்க" என்றார்.

அவர் கார் தெருமுனை திரும்பியதும் அண்ணன் அண்ணியிடம், "உன் ஆர்டர்ல ஒண்ணைக் கெடுத்துட்டேனா?" என்று கேட்டார். அண்ணி அவர் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

விடுதிக்காரர் வேண்டாம் என்ற செம்பருத்திதான் இன்று சிதம்பரம் கடைகளில் அண்ணியின் பெயரைச் சொல்கிறது. மாடி அறை போதாமல் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள். வேலைக்குப் பெண்கள் இருக்கிறார்கள். குழந்தை பிறந்து சில வாரங்களில் அண்ணியின் மூக்கு பழையபடி திரும்பிவிட்டது. என்றாலும் புதிதாக எதைச் செய்தாலும் அண்ணன் குடித்த பிறகுதான் பொட்டலத்துக்குப் போகிறது. வங்கியில் மறுபடியும் ஒரு மாற்றல் வந்தபோது, போக முடியாது என்று எழுதிக் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. வேறொருவரை அனுப்பினார்கள்.

ஆனால் நான் நினைத்துக்கொள்வது இவை எதையும் இல்லை. பிரசவத்துக்கு அண்ணி சிதம்பரம் போயிருந்த சமயம், ஒரு மதியம் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அம்மா பரிமாறினார். அண்ணன் ரசம் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். நிறுத்தினார்.

"அம்மா, ரசத்துல புளி ஜாஸ்தி."

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். அம்மா மெதுவாக உள்ளங்கையில் கொஞ்சம் ரசம் ஊற்றி நக்கிப் பார்த்தார். யோசித்தார். இன்னொரு தடவை ஊற்றிப் பார்த்தார்.

"ஆமாடா" என்றார். "ஜாஸ்திதான். எத்தினி நாளா இப்படி இருக்கு?"

"எப்பவுமேதாம்மா."

அம்மா அவரை முறைத்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, கரண்டியை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.