கடலில் போனவருக்குக் கொள்ளி

நேற்று மகள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். கடலுக்கடியில் பழைய போர்க்கப்பல் கிடக்கிறது. பக்கத்து மணலில் ஒரு ஜோடி பூட்ஸ். போட்டிருந்த ஆள் மட்டும் இல்லை. ஐயோ, பதறிப்போய் போனைக் கீழே போட்டுவிட்டேன். கண்ணாடியில் கீறல் விழுந்ததற்கு மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு விஷயம்.

சிரிக்காதீர்கள், கடல் என்றால் எனக்கு மைதாப் பசை வாடைதான் வரும். கோவில்பட்டிக்காரிக்குக் கடல் ஏது? தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டிய காலம் அது. பசையை யாரும் தின்றுவிடக் கூடாதென்று துத்தம் என்கிற விஷ உப்பைக் கலந்திருப்பார்கள். அப்படியும் நக்கிப் பார்த்தவள் நான். ராத்திரி வரை வாய் கசந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டியவள் புதூர்ப் பக்கத்து செல்லத்தாய் அக்கா. அவள் புருஷன் கடற்படையில் இருந்தார். எழுபத்தொன்றாம் வருஷப் போரில் கப்பலோடு மூழ்கிப்போனார். தந்தி வந்தது, உடல் வரவில்லை. உடல் இல்லாமல் எதை எரிக்க? காரியமும் நடக்கவில்லை, அவள் அழவும் இல்லை.

"அழுதிரு அக்கா" என்று கெஞ்சினேன்.

"அவிய முகத்தைப் பாக்காம எப்படிட்டி அழ?" என்றாள்.

போர் முடிந்ததும் முதலாளி புது லேபிள் அடித்தார். அதே கப்பல்! மரியாதை செய்கிறாராம். நான் அந்தக் கட்டைத் தள்ளிவைத்தேன். அக்காவோ ஒவ்வொரு பெட்டியிலும் கப்பலைக் கோணாமல் வைத்து, விரலால் நீவி நீவி ஒட்டினாள்.

கொஞ்ச நாள்தான். மூழ்கின கப்பல், ராசியில்லை என்று கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்த பெட்டிகளில் உரித்தது, ஒட்டாமல் மிஞ்சியது என்று எல்லா லேபிளையும் மெழுகு காய்ச்சும் அடுப்பில் போடச் சொன்னார் முதலாளி.

அக்கா சட்டென்று எழுந்தாள். "அண்ணாச்சி, அடுப்புல போடாதிய. எங்கிட்டத் தாங்க."

"ஒனக்கு எதுக்கும்மா?"

"அவியளுக்கு இன்னும் கொள்ளி வைக்கலைல்லா."

முதலாளி விலகி வழிவிட்டார். லேபிள் கட்டுகளை வெளியே கரிசல் மண்ணில் நீளவாக்கில், ஓர் ஆள் படுத்திருக்கிற அளவுக்கு அடுக்கினாள். பொம்பளை கொள்ளி வைக்கலாமா என்று கேட்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. குச்சியை உரசி, தலைமாட்டில் வைத்தாள். தீப்பிடித்துக் கப்பல்கள் சுருண்டதும், "என்னய விட்டுட்டுப் போயிட்டியளே!" என்று ஒரு கத்து. அவ்வளவு நாளும் அடைத்து வைத்திருந்த அழுகை.

அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆபீஸ் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. பழைய லேபிள் சேர்க்கிறவர்கள் அந்தக் கப்பல் படம் கிடைக்குமா என்று இன்னும் தேடி வருகிறார்கள். ஒன்றுகூட இருக்காது. எங்கள் மடியில் கிடந்ததையும் உதறி, அன்றைக்கு நாங்களே அந்தத் தீயில் போட்டோம்.